மனுவும் வாக்கும்

பூதப்பாண்டியான், மூன்றாமாண்டு எலெக்ட்ரானிக்ஸ்



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு கவிதை. ஆனால் அவர்கள் மேஜையில் ஏற்கெனவே பதினாறு காதல் கவிதைகள் கிடப்பதைக் கண்ணால் பார்த்தேன். பதினேழாவதை எழுதி உங்களை வதைக்க மனம் வரவில்லை. அதனால் 2025 ஜூலையில் நம் பேரவை கொடுத்த மனுவின் கதையை எழுதுகிறேன். சிரிப்புக் கதைதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த கதையும் இதுதான்.

மனுவில் ஐந்து கோரிக்கைகள். ஒன்று, அப்ரண்டிஸாகப் போகிற டிப்ளமாக்காரனுக்கு உதவித்தொகையைக் கூட்ட வேண்டும். இரண்டு, அரியர் பேப்பர் மறுமதிப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். மூன்று, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடங்களைக் கூட்ட வேண்டும். நான்கு, டிராயிங் சாமான்கள் விலை குறைய வேண்டும். ஐந்து, மாலையில் வடசேரியிலிருந்து பூதப்பாண்டிக்கு இன்னொரு பஸ் விட வேண்டும். (ஐந்தாவதைச் சேர்த்தது யார் என்று சொல்லவும் வேண்டுமோ?)

சேர்மன் முன்னே நடக்க, செயலாளர் ஃபைலோடு பின்னே நடக்க, இருபது பேர் ஒரு பெரிய அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அங்கே மனு வாங்குகிற பெரியவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு முழுவதையும் பொறுமையாக வாசித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த அஞ்சுல ஒண்ணுகூட எங்க கையில இல்லையே! வாங்கி சீல் போட்டுத் தாறேன். வேற என்ன செய்ய?"

சீல் போட்டுத் தந்தார். அதை லேமினேஷன் பண்ணி பேரவை அறையில் மாட்டியிருக்கிறோம். போய்ப் பார்க்கலாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். அங்கே இல்லையென்றால் யார் கையில்தான் இருக்கிறது? நமக்கு ஓம்ஸ் லா தெரியும், கிர்ச்சாஃப் லா தெரியும். நம்மை ஆளுகிற லாவை யார் எழுதுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. அடுத்த வாரமே லைப்ரரியில் அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

முதல் கோரிக்கை டெல்லிக்குப் போக வேண்டியது. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம். டிப்ளமா படித்தவர்களை அதற்குள் கொண்டுவந்தது 1973-இல் செய்த திருத்தம். எவ்வளவு தர வேண்டும் என்பதை மத்திய அரசு விதியாக வெளியிடுகிறது. 2019-இல் திருத்திய விதிப்படி நமக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய். இரண்டாவது கோரிக்கை சென்னை கிண்டியில் இருக்கிற தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு உரியது. தேர்வு, மார்க், சர்டிபிகேட் எல்லாம் அங்கேதான். பஸ் விஷயமும் மாநிலத்தைச் சேர்ந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நம் தோழிகளுக்கு 2022-லிருந்தும், பையன்களுக்கு 2024-லிருந்தும் மாதம் 1,000 ரூபாய் தந்ததும் மாநிலம் தன் பணத்தில் எடுத்த முடிவுதான்.

மூன்றாவது, நான்காவது கோரிக்கைகளில்தான் விஷயமே இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸில் எத்தனை இடம் என்பதை மாநில அரசு நினைத்தால் மட்டும் கூட்ட முடியாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., அங்கீகாரம் தர வேண்டும். ஜியாமெட்ரி பாக்ஸ் மேலே எவ்வளவு வரி என்பதைச் சொல்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். இந்த இரண்டு அமைப்பும் டெல்லியில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் தமிழ்நாட்டுக்கு உள்ள இடம் ஒன்றுபோல இல்லை. நான் சொல்ல வந்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

கொஞ்சம் பின்னால் போகலாம். அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. யார் எதற்குச் சட்டம் போடலாம் என்று ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். 1950-இல் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47 இனங்கள். பொதுப்பட்டியலில் இருப்பதற்கு இரண்டு பேரும் சட்டம் போடலாம். இரண்டும் மோதினால் டெல்லிச் சட்டம் நிற்கும்.

கல்வி அப்போது மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. உயர்கல்வி, தொழில்நுட்ப நிறுவனங்களின் தரத்தை ஒருங்கிணைப்பது மட்டும் ஒன்றியப் பட்டியலில் 66-ஆவது இனம். தொழிலாளிக்குத் தொழில் பயிற்சி கொடுப்பது பொதுப்பட்டியலில் 25-ஆவது இனம். நாம் பாதி மாணவன், பாதி தொழிலாளி இல்லையா? அன்றைக்கே நம்மைப் போன்றவர்கள் மூன்று பட்டியலிலும் ஒரு கால் வைத்துத்தான் நின்றிருக்கிறோம்.

1976-இல் 42-ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலைக் காலம். கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து தூக்கிப் பொதுப்பட்டியலில் அந்த 25-ஆவது இனத்தில் போட்டார்கள். தொழில்நுட்பக் கல்வியும் அதற்குள் அடக்கம். 1977 ஜனவரி 3 முதல் அமல். இப்படிப் பட்டியலை மாற்ற வேண்டுமானால் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புதல் தர வேண்டும். நம்முடைய சட்டமன்றம் என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சொல்வதற்குச் சட்டமன்றமே இல்லை!

பிறகு 1987-இல் ஏ.ஐ.சி.டி.இ. சட்டம். 1945 முதல் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த குழு, 1988 மார்ச்சிலிருந்து சட்ட அதிகாரம் உள்ள குழு ஆனது. அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் பாயும் என்று தெரிந்தது நம் மாநிலத்து வழக்கு ஒன்றில்தான். ஓசூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற மாநில அரசு நடவடிக்கை எடுத்தது. அதியமான் கல்வி நிறுவன வழக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-இல் தீர்ப்பு வந்தது. தொழில்நுட்பக் கல்வியின் தரம், அங்கீகாரம் பற்றி மத்தியச் சட்டம் பேசுகிற இடத்தில் அதற்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. சட்டம் அப்படி இருந்தால் தீர்ப்பும் அப்படித்தான் வரும். லேத் இல்லாத ஒர்க்‌ஷாப், ஆசிரியர் இல்லாத டிபார்ட்மெண்ட் என்று தெருவுக்கு ஒரு கல்லூரி முளைக்காமல் தடுக்க, மேலே ஒரு கண் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நம் விரிவுரையாளர் ஒருவர் இதே கருத்தை என்னிடம் அரை மணி நேரம் சொன்னார். முழுக்க ஒத்துக்கொண்டேன். என் கேள்வி வேறு: அந்த மேலே உள்ள குழுவில் உட்காருவது யார்?

1987 சட்டத்தின் மூன்றாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு இடம். அதுவும் அகர வரிசைப்படி சுழற்சி முறையில். இன்றைக்கு மாநிலம் 28, யூனியன் பிரதேசம் 8. ஆக 36 பேருக்கு எட்டு நாற்காலி! கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி வரிசை. நம் முறை வராத காலத்தில் நமக்கான விதி எழுதப்பட்டால், வாசலில் நின்று மனு கொடுக்கலாம். அவ்வளவுதான்.

சரி, மாநிலமே தனிச்சட்டம் போட்டு மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. பொதுப்பட்டியலில் மாநிலம் போடுகிற சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினாலும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் செல்லும். 254-ஆவது பிரிவு. ஜல்லிக்கட்டு அப்படித்தான் பிழைத்தது. 2017-இல் மாநிலத் திருத்தச் சட்டம், ஒப்புதல், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் சம்மதம். பொறியியல் நுழைவுத் தேர்வை ஒழித்த சட்டமும் 2007-இல் இதே வழியாகத்தான் கரையேறியது. ஆனால் நீட் விலக்கு மசோதாவைப் பாருங்கள். 2021-இல் நிறைவேற்றினார்கள். 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றினார்கள். டெல்லிக்குப் போனது. ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவித்தார்கள். நீட் நல்லதா கெட்டதா என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரே கதவு, மூன்று தடவை தட்டியதில் இரண்டு தடவை திறந்தது, ஒரு தடவை திறக்கவில்லை. திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவர் இஷ்டம்.

மசோதாவை ஆளுநர் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதிலும் இதே கதை. 2025 ஏப்ரல் 8-இல் இரண்டு நீதிபதிகள் காலக்கெடு வைத்தார்கள். நம் மாநிலத்தின் பத்து மசோதாக்களை ஒப்புதல் பெற்றவையாகவே அறிவித்தார்கள். அதே வருடம் நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது என்றது. காரணமே இல்லாமல் நெடுநாள் சும்மா வைத்திருந்தால் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாமாம்.

இங்கே ஐரோப்பாவுக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கேயும் ஒரு ஒன்றியம். ஆனால் 27 தனித்தனி நாடுகள். நம் கையில் இருக்கிற போனின் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் போனுக்கும் ஒரே டைப்-சி வாய் என்று அவர்கள் சட்டம் போட்டது எப்படி? 2021 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையம் மசோதாவை முன்வைத்தது. நாட்டுக்கு ஒருவர் வீதம் 27 பேர் கொண்ட ஆணையம் அது. அங்கே மசோதா கொண்டுவரும் உரிமை அவர்களுக்குத்தான். ஆனால் நிறைவேற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதற்கு இரண்டு சபை சம்மதிக்க வேண்டும். ஒன்று, மக்கள் நேரே தேர்ந்தெடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம். 2022 அக்டோபர் 4-இல் அங்கே 602 பேர் ஆதரித்தார்கள். இன்னொன்று, ஒவ்வொரு நாட்டு அரசின் அமைச்சரும் உட்காருகிற கவுன்சில். அதே மாதம் அதுவும் சம்மதித்தது. பிறகு ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதுப் போன்களுக்கு அமல்.

கவுன்சிலில் யாருக்கும் சுழற்சி நாற்காலி கிடையாது. குட்டி நாடான மால்ட்டாவும் எப்போதும் உள்ளே. ஆனால் பெரும்பாலான விஷயத்தில் தனியொரு நாடு முட்டுக்கட்டை போடவும் முடியாது. 27-இல் 15 நாடு ஆதரிக்க வேண்டும். அந்த நாடுகளின் மக்கள்தொகை ஒன்றியத்தின் மொத்தத்தில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். எண்ணிக்கையும் உண்டு, எடையும் உண்டு.

இன்னொன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சார்ஜர் வாய்க்குச் சட்டம் போடுகிற அந்த ஒன்றியம், கல்விக்கும் தொழில் பயிற்சிக்கும் நாடுகளின் சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக் கூடாது என்று அதன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. உதவி செய்யலாம், பணம் தரலாம், மாணவரை நாடு விட்டு நாடு அனுப்பிப் படிக்க வைக்கலாம். பாடம் எப்படி நடத்த வேண்டும் என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு.

உடனே "அவனைப் பாரு, நாமும் இருக்கோமே" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர்களிடமும் குறை உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் தானாக ஒரு மசோதா கொண்டுவர முடியாது, ஆணையத்திடம் கேட்கத்தான் முடியும் என்பது விசித்திரம்தானே? பிரிட்டன்காரன் 2020 ஜனவரி 31-இல் வெளியேறியே போய்விட்டான். அவர்கள் தனி நாடுகள், நாம் ஒரே நாடு என்ற வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. அதை எனக்கு நினைவுபடுத்தியது என் பாட்டா.

பாட்டாவிடம் இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அளந்துகொண்டிருந்தேன். "மாநிலத்தைக் கேக்காம டெல்லி எதுவும் செய்யக் கூடாது பாட்டா" என்று முடித்தேன். அவர் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "லே மக்கா, அப்படி இருந்திருந்தா நீ இப்பம் திருவனந்தபுரத்துக்குல்லா மனு கொடுத்துட்டு இருப்ப!"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பாட்டாவுக்கு 1956-இல் 11 வயது. நம் தோவாளைத் தாலுகா அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பசல் அலி ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. 1956-இல் நாடாளுமன்றம் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தைப் போட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக நவம்பர் 1 அன்று இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டையும் வந்தது. கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

இதையெல்லாம் செய்தது அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற, அந்தச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். அதன்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதே பிரிவால்தான் 2014-இல் ஆந்திர சட்டமன்றம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டும் தெலங்கானா பிறந்தது. மாநிலத்துக்குத் தடுக்கும் அதிகாரம் இருந்திருந்தால் திருவிதாங்கூர்-கொச்சி நம்மை விட்டிருக்குமா? பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா சென்னைச் சட்டமன்றத்தில் போய்ப் பேசினார். அவர் பிறந்த மண்ணோ இன்னொரு மாநிலத்தில் கிடந்தது. அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தது டெல்லியின் கைதான்.

ஆகவே, மாநிலத்துக்கு எல்லாவற்றிலும் வீட்டோ வேண்டும் என்று எழுதியிருந்த என் கட்டுரையின் முதல் பிரதியைக் கிழித்துப் போட்டேன். நாஞ்சில்நாட்டுக்காரன் அப்படி எழுதினால் அது நன்றிகெட்டத்தனம். ஆனால் வெறும் கருத்துக் கேட்பதும் போதாது என்பதற்கும் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1904-இல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் பிரஜா சபையை ஆரம்பித்தார். நிலவரி கட்டுகிறவர்களும் வியாபாரிகளும் வருடத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரத்தில் கூடி, குறைகளைச் சர்க்கார் முன் சொல்லலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் சட்டம் போடுவதில் அந்தச் சபைக்கு வாக்கு கிடையாது. மனு உண்டு, வாக்கு இல்லை. 36 பேருக்கு எட்டு நாற்காலி என்பதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிரஜா சபைதான் ஞாபகம் வந்தது.

வீட்டோவுக்கும் வெறும் மனுவுக்கும் நடுவே ஒரு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் நான்காவது கோரிக்கை போன இடம். 2016-இல் 101-ஆவது திருத்தம் ஜி.எஸ்.டி. கவுன்சிலை உண்டாக்கியது. மத்திய நிதியமைச்சர் தலைவர். 28 மாநிலத்திலிருந்தும், சட்டமன்றம் உள்ள மூன்று யூனியன் பிரதேசத்திலிருந்தும் ஆளுக்கொரு அமைச்சர். மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு எடை மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும்.

கால்குலேட்டரை எடுங்கள். எல்லா மாநிலமும் ஒன்றுசேர்ந்தாலும் 66.7 சதவீதம்தான், டெல்லி இல்லாமல் முடியாது. டெல்லி தனியாக நின்றால் 33.3, மாநிலங்கள் இல்லாமல் முடியாது. எல்லோரும் வந்து வாக்களித்தால் டெல்லியோடு 31-இல் 20 பேராவது சேர வேண்டும். 12 பேர் எதிர்த்தால் தீர்மானம் விழும். ஒருவர் மட்டும் எதிர்த்து நிறுத்த முடியாது. பாட்டாவின் கேள்விக்கும் பதில் ஆச்சு, என் கேள்விக்கும் பதில் ஆச்சு!

நடைமுறையில் பெரும்பாலும் பேசியே முடித்துவிடுகிறார்கள். முதல் தடவை வாக்கெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரி வரிக்காக. களியக்காவிளை தாண்டினால் லாட்டரிக் கடை, இந்தப் பக்கம் 2003 முதல் தடை. அந்த விஷயத்தில் கேரளத்துக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். தோற்றவர்கள் தோற்றார்கள். ஆனால் எண்ணப்பட்டுத் தோற்றார்கள்.

2025 செப்டம்பர் 3-இல் கவுன்சில் கூடி, 22-ஆம் தேதி முதல் ஜியாமெட்ரி பாக்ஸ் வரியை 12-லிருந்து 5 சதவீதமாக்கியது. நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை என்றாக்கியது. நம் செயலாளர் அது தன் மனுவால்தான் நடந்தது என்று இரண்டு வாரம் கேண்டீனில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுத்துப் பேசியவர்களுக்கு டீ கிடையாது.

இந்தக் கவுன்சிலும் குறையில்லாதது இல்லை. சிக்கிமுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே வாக்கு. ஐரோப்பாவில் போல மக்கள்தொகைக்குக் கணக்கு இல்லை. கவுன்சில் சொல்வது பரிந்துரைதான், சட்டமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னால் என்ன? மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் நாற்காலி இருக்கிறதே!

என் கேள்வி இதுதான் நண்பர்களே. ஜியாமெட்ரி பாக்ஸின் வரியைத் தீர்மானிக்க 31 அமைச்சர்களும் உட்கார்ந்து வாக்குப் போடும் சபை இருக்கிறது. அந்த பாக்ஸை வைத்து நாம் படிக்கிற படிப்பைத் தீர்மானிக்க ஏன் அப்படி ஒரு சபை இல்லை? தொழில்நுட்பக் கல்வியின் தரத்தை வகுக்கிற குழுவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிரந்தர இடமும் எண்ணப்படுகிற வாக்கும் வேண்டும். கல்வியை மறுபடி மாநிலப் பட்டியலுக்கே கொண்டு வர வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது. அந்தப் பெரிய வாதம் அங்கே நடக்கட்டும். அதற்குக் காத்திருக்காமல் இப்போதே கேட்கக் கூடியது இந்த நாற்காலியும் வாக்கும்.

"நீ கேட்டவுடனே தந்துருவாங்களாக்கும்" என்று மெக்கானிக்கல் பிரிவு நண்பர் கிண்டல் செய்தார். கேட்பதற்கு நேரம் இதுதான் என்று அவருக்குக் காட்டினேன். யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ., ஆசிரியர் கல்விக் குழு மூன்றுக்கும் பதிலாக ஒரே அமைப்பு என்று, விக்சித் பாரத் சிக்‌ஷா அதிஷ்டான் மசோதா 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, கூட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டப் போகிறோம் என்கிறவர்களிடம் நாற்காலி எத்தனை என்று பிளான் போடும்போதே கேட்க வேண்டாமா? கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் சிவில்காரன்கூடச் சிரிப்பான்.

மாநில அரசுக்கும் ஒரு வார்த்தை. டெல்லியிடம் வாக்குக் கேட்கிற நாம், ஸ்கீம் மாறும்போது பாலிடெக்னிக் ஆசிரியரையும் மாணவரையும் கேட்கிறோமா? பூதப்பாண்டி பேரூராட்சியைக் கேட்டுவிட்டா பஸ் நேரம் போடுகிறார்கள்? இதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். அடுத்த வருட மலரில் யாராவது எழுதுங்கள். நான் அதற்குள் பாஸாகிப் போயிருப்பேன். (அரியர் இல்லாவிட்டால்!)

இந்தத் தடவை பேரவை ஒரே மனுவாகக் கொடுக்கப் போவதில்லை. உதவித்தொகைக்கு ஒன்று, மத்திய அரசுக்கு. மறுமதிப்பீட்டுக் கட்டணத்துக்கு ஒன்று, கிண்டிக்கு. பஸ்ஸுக்கு ஒன்று, போக்குவரத்துக் கழகத்துக்கு. எலெக்ட்ரானிக்ஸ் இடத்துக்கு ஒன்று, நம் முதல்வர் வழியாக. ஜியாமெட்ரி பாக்ஸுக்கு இனி மனு வேண்டாம், செயலாளர் பார்த்துக்கொண்டார். நாற்காலியும் வாக்கும் கேட்டு நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம். கடிதத்தின் நகலும் கையெழுத்துத் தாளும் டிராயிங் ஹால் வாசலில் உள்ள மேஜையில் இருக்கின்றன. வாசித்துப் பாருங்கள். சம்மதமானால் பெயர், பிரிவு, கையெழுத்து. சம்மதம் இல்லாதவர்களுக்கும் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். காரணத்தை எழுதுங்கள், அதையும் சேர்த்தே அனுப்புகிறோம். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது. தயவுசெய்து அவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள். இதுவரை மூன்று பேனா போயாச்சு.